முன் அப்சோபர்ல எண்ணெய் ஒழுகுதா? பெஸ்தாரி ஜெயாவுல இந்த அண்ணன்கிட்ட காட்டுங்க

அப்பாவோட யமஹா எல்சி 135 மோட்டார் சைக்கிள், 2011 மாடல். தோட்டத்துக்குள்ளயே ஓடின வண்டி, இப்ப நான்தான் தினம் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவுக்கு வேலைக்கு ஓட்டிட்டுப் போறேன் (எங்கம்மாவுக்கு இன்னும் அது பழைய பேருல பத்தாங் பெர்ஜுந்தைதான்). ஆறு மாசத்துல டிஸ்க் பக்கத்து முன் அப்சோபருக்கு (முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் தாங்கற காலு) ரெண்டு தடவ ஆயில் சீல், அதான் எண்ணெய் வெளிய வராம அடைக்கிற ரப்பர் வளையம், மாத்திட்டேன், அது வேற ஊர்ல ஒரு கடை. மூணு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் காலையில பாத்தா அப்சோபரோட குரோம் டியூப்ல எண்ணெய் வளையம், அதுல செம்மண்ணு ஒட்டிக்கிட்டு பிசுபிசுன்னு கெடக்கும். கடைசியா எண்ணெய் வழிஞ்சு டிஸ்க்குல எறங்கிருச்சு. அம்மாவ பின்னால வச்சு கோயில்லேருந்து வர்றேன், செம்பனை லோரி ஒண்ணு திடீர்னு வளைஞ்சிருச்சு, முன் பிரேக்க அழுத்துறேன் வழுக்குது, பிடிக்கவே இல்ல. பின் பிரேக்குலதான் வண்டி நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கூட வேலை செய்யற அக்கா சொல்லித்தான் இந்த போமன்கிட்ட (மெக்கானிக்) போனேன். டவுன்ல கடை வரிசைக்குப் பின்னால ஒரு சந்து, பலகைகூட கெடையாது. அண்ணன் சீல் பெட்டியவே எடுக்கல. முதல்ல டியூப்ப துணியால துடைச்சிட்டு முன் பிரேக்க பிடிச்சு வண்டிய நாலு தடவ அமுக்கினாரு, எண்ணெய் எந்த எடத்துல வருதுன்னு பாத்தாரு, அப்புறம் நகத்தால மேலயும் கீழயும் தடவிப் பாத்துட்டு "தங்கச்சி, அப்பா உரம் போடற வேலையா?"ன்னு கேட்டாரு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. ஆமாண்ணே, பத்து வருசமான்னு சொன்னேன்.

என் விரல வச்சுத் தடவச் சொன்னாரு, ஊசி முனை மாதிரி துரு புள்ளிங்க. செம்பனைக்குப் போடற எம்ஓபி உரம், அந்த சிவப்பு உப்பு மாதிரி இருக்குமே, அது பொட்டாசியம் குளோரைடு. மூட்டைய முன்னால வச்சு ஏத்திட்டுப் போனா தூள் டியூப்ல ஒட்டி மழையில கரைஞ்சு குரோமுக்கு அடியில இரும்ப அரிச்சிருது. அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவ ஏறி எறங்கும்போதும் சீலோட ரப்பர் உதட்ட கீறிடும், அதனால புது சீல் எத்தன போட்டாலும் நிக்காது. ரெண்டு தடவ காசு வாங்கின அந்தக் கடையில டியூப்ப யாரும் தொட்டுக்கூடப் பாக்கலன்னு நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

என் கண்ணு முன்னாலதான் பிரிச்சாரு. மேல் மூடிக்குக் கீழ ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், முகத்த தள்ளி வச்சுக்கோன்னு சொல்லிட்டுதான் கழட்டினாரு. பழைய எண்ணெய் சாம்பல் கலர்ல, மீன் நாத்தம். ஒரு பக்கம் டியூப்ல புள்ளி ஆழம், அத மாத்தியே ஆகணும்னாரு. இன்னொண்ணு லேசுதான், 2000 நம்பர் பேப்பர எண்ணெயில நனைச்சு தேய்ச்சு நகம் மாட்டாத அளவுக்கு வழவழன்னு ஆக்கினாரு. சீல மட்டும் ரெண்டு பக்கமும் புதுசு, டஸ்ட் சீலும் சேத்து. டியூப் முனையில மெல்லிசு பிளாஸ்டிக் பைய சுத்தி சீலுக்கு கிரீஸ் தடவி நழுவ விட்டாரு, உதடு கிழியக் கூடாதாம். உள்ள எறக்க பழைய சீலையே மேல வச்சு தட்டினாரு. 10 வெயிட் எண்ணெய அளவு குவளையில ஊத்தி ரெண்டு காலுக்கும் ஒரே அளவு, கொஞ்சம் கூடுதலா போயிருச்சுன்னு ஊசியில உறிஞ்சி எடுத்தாரு பாருங்க, அந்தக் கவனம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எண்ணெய் குடிச்ச பிரேக் பேட கழுவித் தரவான்னு கேக்கவே இல்ல, தூக்கிப் போட்டுட்டு புதுசு.

டியூப், சீல், எண்ணெய், பேட், கூலி எல்லாம் சேத்து 185 வெள்ளி (ரிங்கிட்). ரொக்கம் மட்டும்தான். மெதுவாதான் செய்வாரு, எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு, சனிக்கெழம போனா இன்னும் காத்திருக்கணும், உக்கார ஒரே ஒரு நாற்காலி. அவசரக்காரங்களுக்கு ஒத்து வராது, ஆனா அவசரமா செய்யற வேலையும் இது இல்ல.

இப்ப நாலு மாசம் ஆச்சு, டியூப் காஞ்சு கெடக்கு. வாட்டர் ஜெட்ட சீல் மேல நேரா அடிக்காத, செம்மண் காயறதுக்குள்ள ஈரத் துணியால துடைன்னு சொன்னாரு, அத மட்டும் செய்யறேன். போன வாரம் பக்கத்து லயத்து மாமா, அவரும் உரம் போடறவருதான், வண்டிய நிறுத்தும்போது நானே குனிஞ்சு நகத்தால தடவிப் பாத்தேன். அதே புள்ளிங்க. ஞாயித்துக்கெழம அவர அண்ணன் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.