கணிதத்தில் ஒரு ‘சி’: திரும்பப் படிப்பதா, மேலே போவதா, விளக்கம் சொல்வதா?

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் கல்லூரிக் கணிதப் பாடத்தில் என்றோ வாங்கிய அந்த ‘சி’ கிரேடு கண்ணை உறுத்தும். யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பாடத்தில் வாங்கியது என்பதை. முதல் செமஸ்டர் கால்குலஸில் சறுக்கி, அதன் பிறகு வந்த கணிதப் பாடங்களில் எல்லாம் ‘ஏ’ என்றால் விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே ஆறிய காயம். மெஷின் லேர்னிங்குக்குப் போகிறவருக்கு லீனியர் அல்ஜீப்ராவிலோ, பொருளாதார பிஎச்டிக்குப் போகிறவருக்கு ரியல் அனாலிசிஸிலோ (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணங்களோடு படிக்கும் பாடம்) ‘சி’ என்றால் கட்டாயம் கேள்வி வரும்.

அதே பாடத்தைத் திரும்பப் படிப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் பல இடங்களில் பழைய கிரேடும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், அப்படியே நிற்கும். இரண்டாம் முறை ‘ஏ’ வாங்கினாலும், தெரிந்த பாடம்தானே என்று நினைக்க இடமுண்டு. ஃபெயில் ஆகியிருந்தால், அல்லது அடிப்படையே ஆடுகிறது என்றால் மட்டும் இது சரி.

அதற்கு அடுத்த நிலைப் பாடத்தை எடுத்து நன்றாகச் செய்வதற்கே என் ஓட்டு. ரியல் அனாலிசிஸில் ‘சி’, பிறகு அதற்கு மேல்பாடமான மெஷர் தியரியில் ‘ஏ’ என்று இருந்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கீழ்ப்பாடம் புரியாமல் மேல்பாடம் வராது என்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கே தெரியும். சிக்கல் காலண்டரில்தான். விண்ணப்பக் கெடு டிசம்பர் என்றால், அந்த செமஸ்டர் கிரேடு பெரும்பாலும் அதற்குள் வந்து சேராது. ஒரு செமஸ்டர் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

மேற்படிப்பு நுழைவுக்கான ஜிஆர்இ தேர்வின் கணிதப் பகுதியில் 170-க்கு 168 வாங்கிச் சரிக்கட்டலாம் என்பார்கள். ஜிஆர்இ பொதுத் தேர்வின் கணிதப் பகுதி 47 நிமிடத்தில் 27 கேள்விகள், எல்லாமே பள்ளிக் கணிதம், கால்குலஸ் கிடையாது. அனாலிசிஸில் ஏன் விழுந்தீர்கள் என்பதற்கு அது எப்படிப் பதிலாகும்? இளநிலையில் கணிதமே அதிகம் படிக்காதவருக்கு வேண்டுமானால் கைகொடுக்கும். கணிதத்துக்கென்றே உள்ள ஜிஆர்இ பாடத் தேர்வு வேறு ரகம். பாதிக் கேள்விகள் கால்குலஸ், கால்வாசி அல்ஜீப்ரா. கணிதத் துறைக்கே போகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

கடைசி வழி, விளக்கம். “பேராசிரியர் நடத்தியது புரியவில்லை” என்று எழுதினால் உள்ளதும் போகும். “அந்த செமஸ்டரில் இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தேன், அடுத்த ஆண்டு நிகழ்தகவில் ஏ” என்ற அளவு போதும். அதையும் எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று நாம் எழுதும் நோக்கக் கட்டுரை) நுழைக்காமல், கூடுதல் தகவலுக்கென்று விண்ணப்பத்தில் தனி இடம் இருந்தால் அங்கே எழுதுங்கள். எஸ்ஓபி ஆராய்ச்சியைப் பற்றிப் பேசட்டும்.

கெடுவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, புதிதாகப் பாடம் எடுக்க வழியே இல்லை என்பவர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரை நம்பலாம். “என் புராஜெக்டில் இந்த நிரூபணத்தை இவரே செய்தார்” என்று அவர் எழுதும் ஒரு வரிக்கு, நாமே எழுதும் ஒரு பக்கத்தைவிட மதிப்பு அதிகம். கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கும்போது டிரான்ஸ்கிரிப்டையும் அந்தப் புராஜெக்ட் அறிக்கையையும் கையோடு அனுப்பிவிடுங்கள்.