அமைச்சகமா, சொந்தச் சேனலா? இரண்டு சவுதி இளவரசர்கள்

ஊடகத்தில் இறங்கும் இளவரசருக்கு எது நல்லது, அரசு வேலையா, சொந்த நிறுவனமா?

தொடக்கம்: சுல்தான் பின் சல்மான் 1982-இல் தகவல் அமைச்சகத்தில் சாதாரண ஆய்வாளராகச் சேர்ந்தார். அல்வலீத் பின் தலால், பாட்டு, சினிமா ஊடக நிறுவனமான ரோத்தானாவுக்கே முதலாளி.

நிலைப்பு: அல்வலீதின் அல்-அரப் செய்திச் சேனல் 2015 பிப்ரவரி 1-இல் பஹ்ரைனில் தொடங்கியது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் பேட்டி ஒளிபரப்பானது. ஒரு நாளுக்குள் திரை நின்றது. எத்தனை பேரின் உழைப்பு! நினைத்தாலே மனம் கனக்கிறது.

உயரம்: 1985 ஜூனில், 28 வயதில், டிஸ்கவரி விண்கலத்தில் பறந்தார் சுல்தான். விண்வெளிக்குப் போன முதல் அரபியர் அவர். அந்தப் பயணத்தில் அரபு நாடுகளின் அரப்சாட் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும் விடப்பட்டது.

படிப்படியாக ஏறப் பொறுமை உள்ளவருக்கு அமைச்சகம். பாட்டு, சினிமா என்றால் சொந்த நிறுவனம் போதும். செய்திக்கு மட்டும் பணம் போதாது. அங்கே அனுமதி அரசின் கையில்.