கலிபோர்னியா ஸ்மால் கிளெய்ம்ஸ்: கோர்ட் சாட்பாட்டை எதுவரை நம்பலாம்?

வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனர் மேல் ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு தொகைகளுக்கான கோர்ட்டில், வழக்குப் போட, கவுன்ட்டி கோர்ட் இணையதளத்தில் இருக்கும் சாட்பாட் போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக அதைப் பயன்படுத்தியதில் என் பதில்: வழக்குப் பதிவு செய்யும் வரை போதும். அதற்கு அடுத்த நாளிலிருந்து போதாது.

ஓனர் டெபாசிட் தரவில்லை என்று சாதாரணமாக அடித்தாலே வழக்குப் பதிவு செய்யும் எஸ்சி-100 படிவத்தைக் காட்டிவிடுகிறது. கேட்கும் தொகை 1,500 டாலர் வரை என்றால் கட்டணம் 30, 5,000 வரை 50, அதற்கு மேல் 75. தனிநபருக்கு உச்சவரம்பு 12,500. விசாரணையில் வக்கீல் பேச முடியாது, வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் இவ்வளவும் சரியாக வருகிறது. பணக்கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டண விலக்குக்கான எஃப்டபிள்யூ-001 படிவத்தையும் எடுத்துத் தருகிறது. அது எனக்கு நிஜமாகவே பிடித்தது.

எரிச்சல் 'சர்வ்' செய்வதில். வழக்குக் காகிதத்தை எதிராளியிடம் முறைப்படி ஒப்படைப்பது; நம் ஊர்க் கோர்ட்டில் சார்வு என்பார்களே, அதுதான். எப்படி மாற்றிக் கேட்டாலும் காகிதம் கொடுத்ததற்குச் சான்றான எஸ்சி-104 படிவத்தின் இணைப்பைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. விசாரணை தள்ளிப்போவதே பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காகிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. 18 வயது நிரம்பிய, வழக்கில் சேராத ஒருவர் கொடுக்க வேண்டும். மனைவி பெயரும் வழக்கில் இருந்தால் அவரும் கொடுக்க முடியாது. ஓனர் அதே கவுன்ட்டியில் இருந்தால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு, வெளிக் கவுன்ட்டி என்றால் 20 நாள் முன்பு. அவர் இல்லாமல் வீட்டில் 18 வயது நிரம்பிய வேறொருவரிடம் கொடுத்துத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினால், அதோடு இன்னும் 10 நாள் கூட்டுங்கள். கிளார்க் வழியாகச் சான்றஞ்சல் அனுப்புவது சுலபம்தான், ஆனால் ரசீதில் கையெழுத்து ஓனருடையதாக இல்லாவிட்டால் வீண். கொடுத்தவர் கையெழுத்திட்ட எஸ்சி-104 விசாரணைக்கு 5 நாள் முன்பே கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்று சாட்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயம். நாள் கணக்கு ஆலோசனையா? கோர்ட்டே வெளியிட்டிருக்கும் எஸ்சி-104பி தாளில் உள்ள விதி அது. அதைச் சொல்ல என்ன தடை?

ஓனர் யார் என்றும் அது கேட்பதில்லை. லீஸில் எல்எல்சி (ஒரு வகை நிறுவனம்) பெயர் இருந்தால் வழக்கு அந்த எல்எல்சி மேல்தான். மாநிலச் செயலாளர் இணையதளத்தில் அதன் சரியான பெயரையும், காகிதம் வாங்கும் ஏஜென்ட் யார் என்பதையும் பார்த்து எழுதுங்கள். தப்பான பெயரில் தீர்ப்பு வாங்கினால் பணத்தை வசூலிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இத்தனை பாராட்டியும் 5-க்கு 2-தான் தருவேன். விசாரணைத் தேதி கைக்கு வந்ததும் சாட்பாட்டை மூடிவிட்டு, கவுன்ட்டியின் இலவச ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகரைக் கூப்பிட்டு, சர்வ் செய்யக் கடைசி நாள் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.