கணவாயில் கவிழ்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா?

என் முதல் நாவலை எழுதி முடிக்க மூன்று வருடம் ஆனது. அதில் எட்டு மாதத்தைக் கடைசி அத்தியாயம் மட்டுமே தின்றுவிட்டது.

கதை லாரிக்காரர்களைப் பற்றியது. நாமக்கல் பக்கத்துக் கிளீனர் பையன் முருகேசன் வளர்ந்து டிரைவராகிறான். மச்சான் ஜாமீன் கையெழுத்துப் போட, ஃபைனான்ஸில் ஒரு பழைய லாரி எடுக்கிறான். டியூ நிற்கிறது, மச்சான் வீட்டு நகை அடகுக்குப் போய் மூழ்கிவிடுகிறது, ஆறு வருடம் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை. இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் முருகேசன் நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் செத்துப்போகிறான். இன்னொன்றில் லாரியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மச்சான் திரும்பி வருகிறான். இரண்டாவதைத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுபம் என்றதும் கடன் அடைந்து, புது லாரிக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுகிற சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். படித்துக் காட்டியபோது என் மனைவியே சிரித்துவிட்டாள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். சோக முடிவு மனதில் தங்கும். சுப முடிவு படித்து முடித்ததும் ஒரு நிம்மதி தரும். வாராவாரம் தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்கு நாயகன் பிழைக்க வேண்டும், இலக்கியக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அவன் செத்தால்தான் மரியாதை. வீட்டில் ராமாயணம் படிப்பவர்கள் பட்டாபிஷேகம் படித்துத்தான் புத்தகத்தை மூடுவார்கள், தெருக்கூத்தில் விடியும்போது மங்களம் பாடித்தான் வேஷம் கலைப்பார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் கையெழுத்துப் பிரதியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் எதுவும் உதவாது.

எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: இந்த முடிவுக்காகப் பின்னால் போய் எத்தனை அத்தியாயங்களைத் தொட வேண்டியிருக்கிறது?

விபத்து முடிவை எழுதியபோது பழைய பக்கங்களில் நான் செய்த வேலை அரை மணி நேரம்தான். ஏழாம் அத்தியாயத்தில் பிரேக் டிரம் சூடேறும் வாசனை பற்றி ஒரு வரி, பன்னிரண்டில் ‘லைனிங் மாத்தணும்ணே’ என்று கிளீனர் சொல்வதாக ஒரு வரி. அவ்வளவுதான், சாவு தயார். அப்போது அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என்ன சிக்கனம் பாருங்கள்! இரண்டு வாரம் கழித்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளைத் தவிர வேறு எந்தப் பக்கமும் மாறவில்லை. மச்சானின் கையெழுத்து, மூழ்கின நகை, ஆறு வருட மௌனம் எல்லாமே அப்படியே கிடந்தன, அவற்றுக்கும் அந்த இறக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முருகேசனைக் கொன்றது அவன் செய்த எதுவும் கிடையாது. தேய்ந்துபோன ஒரு லைனிங் கொன்றது. கடனே இல்லாத டிரைவரும் அதே வளைவில் அதே மாதிரி செத்திருப்பான்.

மச்சான் திரும்பும் முடிவு என்னிடம் வேலை வாங்கிய விதமே வேறு. ஆறு வருடம் பேசாத மனுஷன் எதைச் சாக்கு வைத்து வாசலுக்கு வருவான்? இதற்குப் பதில் கிடைக்கவே ஒரு மாதம் போனது. கடைசியில் தார்ப்பாய் கிடைத்தது. நாலாம் அத்தியாயத்தில் இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் தைக்கிறார்கள். வெறும் அரட்டைக்காக எழுதிய காட்சி அது. லாரியை எடுத்துக்கொண்டு போன அன்று, பழையது என்று ஷெட்டில் ஒதுக்கிக் கிடந்த அந்தத் தார்ப்பாயை மச்சான் யாருக்கும் சொல்லாமல் சுருட்டித் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறான். வேறொருவர் வண்டிக்கு முருகேசன் டிரைவராகப் போகிறான் என்று கேள்விப்பட்ட பிறகு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். ‘மழக்காலம் வருது’ என்கிறான். அத்தோடு நாவல் முடிகிறது.

இதற்காக ஒன்பது அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். தையல் காட்சியில் யார் ஊசி பிடிக்கிறார், யார் நூலுக்கு மெழுகு தேய்க்கிறார் என்பதுகூட மாறியது. நடுவில் மச்சானைக் கெட்டவனாக்கிய மூன்று பக்கங்களை அப்படியே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் அவனுடைய மௌனத்தில் கோபத்தோடு கூச்சமும் இருந்தது எனக்கே தெரிந்தது. வேலை அதிகம்தான், ஆனால் நாவலும் அதில்தான் உருப்பட்டது. என்னைச் சாய்த்தது இதுதான்.

ஒரு பழைய உதாரணம் இதற்குப் பக்கத்திலும் நிற்கும், எதிரிலும் நிற்கும். ராஜாவும் அவன் கடைசி மகள் கார்டீலியாவும் சாகிற ஷேக்ஸ்பியரின் லியர் நாடகத்தை 1681இல் நாஹம் டேட் என்பவர் சுப முடிவாக மாற்றினார். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றினால் ஒட்டாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத கார்டீலியாவையும் பிரபு ஒருவரின் மகன் எட்கரையும் தொடக்கத்திலேயே காதலர்களாக்கினார், விதூஷகனைத் தூக்கிவிட்டார். அந்த வடிவம்தான் ஒன்றரை நூற்றாண்டு மேடையை ஆண்டது, 1838இல் நடிகர் மெக்ரெடி மூலத்தைத் திரும்பக் கொண்டுவரும் வரை. விமர்சகர் சாமுவேல் ஜான்சன், கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராகத் திருத்த உட்காரும் வரை அந்தக் கடைசிக் காட்சிகளை மறுபடி படித்தேனா என்பதே நினைவில்லை என்று எழுதினார். இன்றைக்கு டேட்டின் வடிவத்தை யார் ஆடுகிறார்கள்? பின்னால் போய் ரிப்பேர் பார்த்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. எதை எடுத்துப் போடுகிறோம் என்பதும் இருக்கிறது. விதூஷகன் இல்லாத லியர் பாதி லியர்தான்.

சோகத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். நான் எழுதிய சாவு மட்டமான சாவு, அதை வைத்து எல்லாச் சாவையும் எடை போடுவது அநியாயம். சிலப்பதிகாரத்தில் முப்பது காதைகள். கோவலன் வெட்டுப்படுவது பதினாறாவதில். அதற்கப்புறம் இன்னும் பதினான்கு காதைகள் இருக்கின்றன. கண்ணகி வழக்குரைக்கிறாள், மதுரை எரிகிறது, சேரன் இமயம் போய்க் கல் எடுத்து வருகிறான். சாவு அங்கே நடுவில் இருக்கிறது, அதற்கு ஊர் ஊராகப் பதில் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது. நான் செய்தது என்ன? முருகேசனைக் கவிழ்த்த கையோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். அவன் பெண்டாட்டி அந்த டியூவை என்ன செய்தாள் என்று ஒரு அத்தியாயம் எழுதியிருந்தால், ஒருவேளை இந்தக் கட்டுரை வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

என் அனுபவம் ஒரு நாவல், இரண்டு முடிவு. சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு ராஜா செத்த வருஷம் கல்வெட்டிலேயே இருக்கும், அங்கே இந்தத் தேர்வு பாதிதான் அவர்கள் கையில். துப்பறியும் கதைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. சிறுகதைக்குப் பொருந்தாது என்றுதான் தோன்றுகிறது. தொட வேண்டிய பின்பக்கங்கள் அங்கே அவ்வளவு இல்லை.

இன்னொன்று. முதல் வடிவத்தை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். முப்பது வருடம் ஓட்டியவர். திருப்பிக் கொடுக்கும்போது, “ஏந் தம்பி, லாரிக்காரன்னா கதைல கவுந்துதான் சாகோணுமா?” என்றார். அது எனக்கு உறைத்தது. இருந்தாலும் அதற்காக முடிவை மாற்றினேன் என்று சொன்னால் பொய், அப்போது தார்ப்பாய் வேலையில் பாதி முடிந்திருந்தது.

புத்தகம் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். முடிவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“தார்ப்பாயத் தோள்ல போட்டுட்டு வர்றான்னு எழுதியிருக்கீங்களே,” என்றார். “அது என்ன துண்டா? ரெண்டாளு வேணும் தம்பி அதத் தூக்க.”

இரண்டாம் பதிப்பு வந்தால் மச்சான் கூட ஒரு ஆளை அனுப்ப வேண்டும். யாரை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.