மூதாதையரைத் தேட வில்லங்கச் சான்று: பதிவுத்துறையின் இணையச் சேவை எவ்வளவு கைகொடுக்கும்?

தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தை நிலம் வாங்குபவர்களும் வங்கிக் கடனுக்கு அலைபவர்களும்தான் திறந்து பார்க்கிறார்கள். பூர்வீகமாகக் கால் காணி நிலமாவது இருந்த குடும்பம் என்றால், வம்சாவளி தேடுபவரும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. மற்றவர்களுக்கு, அப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லும் காகிதம் என்று பார்த்தால் பத்திரம்தான் மிஞ்சும். அந்தப் பத்திரத்தின் எண்ணைக் கண்டுபிடித்துத் தருவது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் குறிப்பிட்ட காலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்.

தளத்தில் மின்னணு சேவைகள் என்ற பட்டியலில் வில்லங்கச் சான்று இருக்கிறது. பார்வையிடக் கட்டணம் இல்லை. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேடும் காலம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். முதல் தடுமாற்றம் மாவட்டத்திலேயே வரும். இங்கே கேட்பது பதிவு மாவட்டம், வருவாய் மாவட்டம் அல்ல. தஞ்சாவூர்க்காரர் கும்பகோணத்தையோ பட்டுக்கோட்டையையோ தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவி தனிப் பதிவு மாவட்டம். அதோடு, ஒரு கிராமம் காலப்போக்கில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். இன்றைய அலுவலகத்தில் 1980-களின் பதிவு காணவில்லை என்றால், அதற்கு முன் அந்தக் கிராமம் எந்த அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்று விசாரித்து அங்கேயும் தேடுங்கள்.

புல எண்ணுக்குப் பழைய தீர்வை ரசீது, பட்டா, ஊரில் இருக்கும் பங்காளி வீட்டுப் பத்திரம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பலருக்குத் தேடல் நின்றுபோவது உட்பிரிவில்தான். 1979-க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யுடிஆரில், உட்பிரிவுகள் மாறின. தாத்தா பத்திரத்தில் 112/3 என்று இருப்பது இன்று 112/3பி2 ஆகியிருக்கும். சில ஊர்களில் புல எண்ணே மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண், கிராமத்தின் நில விவரங்களை வரிசையாக வைத்திருக்கும் 'அ' பதிவேட்டில் இருக்கும். உட்பிரிவு நிச்சயமில்லை என்றால் புல எண்ணை மட்டும் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் நீளும், ஆனால் பங்காளிகள் அத்தனை பேரும் அதில் வந்து நிற்பார்கள். வம்சாவளிக்கு அதுதானே வேண்டும்? 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், கொடுத்த எண்ணுக்கு அந்தக் காலத்தில் பதிவு எதுவும் அகப்படவில்லை என்பதோடு சரி. குடும்பம் அங்கே இல்லை என்று அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

வரும் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், ஆண்டு, எழுதிய நாள், பதிவு நாள், தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகை, முந்தைய ஆவண எண், நான்கெல்லை இருக்கும். வாங்குபவர்கள் தொகையைப் பார்ப்பார்கள். நமக்குத் தன்மையும் (கிரயமா, பாகப்பிரிவினையா என்பது) முந்தைய ஆவண எண்ணும் நான்கெல்லையும்தான் முக்கியம். முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். நான்கெல்லையில் 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று வரும் இன்னார், பாகம் பிரிந்த நிலமாக இருந்தால் பெரும்பாலும் அண்ணன் தம்பி அல்லது சித்தப்பா வழியினர். ஒரே புல எண்ணின் எல்லைகளை ஒரு தாளில் கட்டம்போட்டு எழுதிப் பாருங்கள். யாருக்கு யார் பக்கத்துப் பங்கு என்பது தெளிவாகும்.

இந்தச் சேவையின் பெரிய குறை, பெயர் கொடுத்துத் தேட முடியாதது. பதிவுச் சட்டம் 1908-ன்படி பெயர் வாரியான அட்டவணையையும் சொத்து வாரியான அட்டவணையையும் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். இணையத்தில் பார்வையிடும்போது சொத்து வழியாகவோ ஆவண எண் வழியாகவோதான் போக முடிகிறது. அடுத்த குறை காலம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய புத்தகங்களைப் பார்த்துத் தரும் சான்றை வாங்க வேண்டும். இங்கே பதிவுமுறை 1865-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே 1975-க்கு முன்னால் நூறாண்டுக்கும் மேலான பதிவுகள் அந்தத் தொகுதிகளில் கிடக்கின்றன. மனுவில் புல எண்ணோடு, தெரிந்த ஒரு பெயரையும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் எழுதினால் தேடுபவருக்கு வேலை சுலபம். காலத்தைப் பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

வில்லங்கச் சான்றோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள். அது வெறும் சுருக்கம். பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள். இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். முதலில் வாங்க வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் இறந்துவிட்டார், யார் மைனர், அந்த மைனருக்கு யார் கார்டியன், எந்தச் சொத்து பிதுரார்ஜிதம் (முன்னோர் வழி வந்தது), எது சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது) என்று வரிசையாக அதில் இருக்கும். அடுத்தது ஒருவர் தன் பங்கை மற்றப் பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அதன் பிறகு குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிவைக்கும் செட்டில்மெண்ட். கிரயப் பத்திரத்தில் ஆள் விவரம் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் 'இன்னார் பேரன், இன்னார் குமாரன்' என்று எழுதிய பழைய கிரயம் ஒன்று கிடைத்தால் ஒரே வரியில் மூன்று தலைமுறை வந்துவிடும். கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சாட்சிகளும் அடையாளம் காட்டியவர்களும் பல சமயம் மாமன் மைத்துனர்களாக இருப்பார்கள். பெண் எடுத்த ஊர் எது என்பதற்கான துப்பு அங்கேதான் கிடைக்கும்.

பழைய நகலைப் படிக்கச் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்: பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் ஒன்று. வருவாய்க் கணக்கில் எழுதும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். தொடக்கம் ஜூலை மாதம். பங்கை அணாக் கணக்கில் எழுதியிருப்பார்கள். பதினாறணா முழுச் சொத்து. நாலணாப் பங்கு என்றால் நாலில் ஒன்று. நாலு சகோதரர்கள் இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஆனால் இடையில் ஒருவர் தன் பங்கை விற்றிருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும் என்பதால், மற்றப் பங்குகளும் யார் கைக்குப் போயின என்று பார்த்த பிறகே எழுதி வையுங்கள்.

பெயர்க் குழப்பம் இன்னும் பெரிது. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். தகப்பன் பெயரும் ஆண்டும் ஒத்துப்போனால் ஒழிய இரண்டு பதிவுகளை ஒரே ஆள் என்று சேர்க்காதீர்கள். இனிஷியலை நம்பவே வேண்டாம். 'ஜி' என்றால் கோவிந்தனாகவும் இருக்கலாம், கணபதியாகவும் இருக்கலாம், ஞானமுத்துவாகவும் இருக்கலாம்.

பெண்கள் இந்த ஆவணங்களில் மிகக் குறைவாகவே வருகிறார்கள். அதற்குக் காரணம் சட்டம். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல்தான் வந்தது; அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல் வந்தது. ஆகவே 1950-ல் எழுதிய பாகப்பிரிவினையில் அத்தைகள் யாரும் இல்லை என்பதால் தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகளே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் இறந்தவரின் சொத்தில் மகளையும் வாரிசாக்கியது. அதற்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களைத் தேடினால், கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும் அத்தைகள் கிடைப்பார்கள்.

உயில் வில்லங்கச் சான்றில் வராது. பதிவான உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியாக இருக்கின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கிடைக்கும். அவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. இறப்புச் சான்றின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். புத்தகத்தை நாமே புரட்ட முடியாது, அலுவலர்தான் தேடித் தருவார். உயிலைப் பதிவு செய்யும் கட்டாயம் கிடையாது என்பதால், அங்கே இல்லை என்றால் வீட்டுப் பெட்டியில் தேட வேண்டியதுதான். வாய்மொழியாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்யாத கூறுசீட்டோடு நிறுத்திய குடும்பங்களுக்கும் அதே நிலைதான்.

பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு தேடினால் வேலை பாதியாகும். ஆனால் 'தாய்ப்பத்திரம் (சொத்தின் மூலப் பத்திரம்) இருக்கிறதா' என்று எடுத்த எடுப்பில் கேட்டால், சொத்தில் பங்கு கேட்டு வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முதலில் நம் கையில் இருக்கும் பெயர்ப் பட்டியலைக் காட்டி, 'இதில் விட்டுப்போன பெயர் இருந்தால் சொல்லுங்கள் பெரியப்பா' என்று கேட்பது நல்லது. அசலைக் கேட்க வேண்டாம்; முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவர்கள் வீட்டிலேயே படம் எடுத்துக்கொண்டால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரும்போது பெயர், உறவு, ஆண்டு, ஆவண எண் மட்டும் போடுங்கள். பரப்பும் தொகையும் அங்கே எதற்கு?

நிலமே இல்லாதிருந்த குடும்பங்களுக்கு இந்தச் சேவை அநேகமாகப் பயன்படாது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1892-க்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏதாவது இருந்திருந்தால் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் பார்க்கலாம். அவற்றுக்குத் தாலுகா அலுவலகத்தையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் அணுக வேண்டும். அதுவும் இல்லையென்றால் பிறப்பு இறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் என்ற வரிசையில் போங்கள்.