கப்பலில் கூடுதல் காசு கொடுத்துச் சாப்பிடுவது கட்டுபடியாகுமா? வேலூர்ப் பக்கத்துக் கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் ஏறினாலும் சரி, விமானம் பிடித்துச் சிங்கப்பூர் போய் ஏறினாலும் சரி, கப்பல் டிக்கெட் போட்ட மறுநாளிலிருந்து ஒரு கேள்வி துரத்த ஆரம்பிக்கும்: ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் பேக்கேஜ், அதாவது டிக்கெட்டில் அடங்காமல் தனிக் காசு வாங்கும் ரெஸ்டாரண்டுகளில் சாப்பிடுவதற்கான பேக்கேஜ், சேர்க்கட்டுமா? டிராவல்ஸ்காரரும் கேட்பார், கப்பல் நிறுவனத்தின் ஆப்பும் கேட்கும், இன்று மட்டும் தள்ளுபடி என்று மெயிலும் வரும். காட்பாடியிலோ ஆம்பூரிலோ உட்கார்ந்துகொண்டு இதை யோசிப்பவர்களுக்காக இந்த அலசல். சாய்வை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று, நான்கு இரவுப் பயணத்துக்கு டிக்கெட்டோடு வரும் மெயின் டைனிங் ரூம் என்ற பொதுச் சாப்பாட்டுக்கூடமே போதும். சைவக் குடும்பத்துக்கும் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் அதுவே நல்லதும்கூட. ஏழு இரவுக்கு மேல் போகிறவர், எதையும் சாப்பிடுகிறவர் என்றால் ஓர் இரவு காசு கொடுத்துப் பார்க்கலாம்.

ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டில் கூட்டம் குறைவு, மேசைகளுக்கு இடையே இடம் அதிகம், இறைச்சி உயர்ந்த ரகம், பரிமாறுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும். இதையெல்லாம் மறுக்க எதுவும் இல்லை. கேள்வி, அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம், கொடுத்ததில் எவ்வளவு நம் தட்டுக்கு வருகிறது என்பதுதான்.

முதலில் பணம். சிங்கப்பூர் மரீனா பேயிலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களை எடுத்துக்கொள்வோம். சாப்ஸ் கிரில் என்ற ஸ்டீக் (வாட்டிய மாட்டிறைச்சித் துண்டு) கடையில் இரவுச் சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். நாளுக்கு நாள், கப்பலுக்குக் கப்பல் மாறும். 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும், ஆகத் தலைக்கு 70 டாலர் 80 சென்ட். கணவன் மனைவிக்கு 141 டாலர் 60 சென்ட். டாலர் 88 ரூபாய் என்றால் 12,460 ரூபாய். சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு 3.5 சதவீதம், அந்த 3.5 சதவீதத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 13,000. அந்தக் காசுக்கு ஆம்பூரில் எத்தனை கிலோ பிரியாணி என்று கணக்குப் போடுவது நம் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது பிரியாணியோடு அல்ல, அதே இரவு, அதே கப்பலில், ஏற்கெனவே காசு கட்டிவிட்ட சாப்பாட்டோடு.

மெயின் டைனிங் ரூமில் அன்றைய சாப்பாட்டுக்கு டிக்கெட்டில் பணம் போய்விட்டது. அங்கே பரிமாறுகிறவர்களுக்கும் சேர்த்துத் தினசரி டிப்ஸ் என்று தலைக்கு ஏறக்குறைய 18 டாலர் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் அந்தப் பக்கம் போகவில்லை என்பதற்காக இரண்டில் எதுவும் திரும்ப வராது. ஆக, ஸ்பெஷாலிட்டியில் உட்காரும் இரவில் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை காசு, இரண்டு முறை டிப்ஸ். ஏழு இரவுப் பயணத்தில் இது பெரிதாக உறுத்தாது. மூன்று இரவுப் பயணத்தில் மொத்தச் சாப்பாட்டு இரவுகளில் மூன்றில் ஒன்று. இதனால்தான் குறுகிய பயணத்துக்கு மூன்று இரவுப் பேக்கேஜ், அன்லிமிடெட் பேக்கேஜ் வகையறாவைத் தொடவே வேண்டாம் என்கிறோம்.

இதற்குப் பிறகுதான் உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் வருகிறது: அடுப்படி. எந்த அடுப்படி நமக்காக மாறும், எது மாறாது?

ஸ்டீக் கடையில் நாம் கட்டும் ஒரே கட்டணம் அங்குள்ள விலை உயர்ந்த மாட்டிறைச்சித் துண்டை நினைத்துப் போடப்பட்டது. மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கும் அதே கட்டணம். சைவக்காரருக்கும் அதே கட்டணம். அவருக்குக் கிடைப்பது சாலட், வதக்கிய காளான், க்ரீம் போட்ட பசலைக்கீரை, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, கடைசியில் கேக். இவை அங்கே தொட்டுக்கொள்ளும் அயிட்டங்கள். நம் ஊரில் கல்யாணப் பந்தியில் கூட்டும் பொரியலும் மட்டும் வைத்துவிட்டு இலையை எடுத்தால் எப்படி இருக்கும், அதுபோல. மாட்டிறைச்சியே சாப்பிடுகிறவருக்கும் மெனுவில் எல்லாம் அந்தக் கட்டணத்தில் அடங்காது. நாள்பட வைத்துப் பதப்படுத்திய ஸ்டீக், லாப்ஸ்டர் போன்றவற்றுக்குக் கட்டணத்துக்கு மேலும் தனிக் காசு.

இத்தாலியன் கடை சைவத்துக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சாதத்தை அநேகமாகக் கோழி எலும்புச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி மீன் இருக்கும். அசல் பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைத்தது. இனிப்புகளில், பன்னா கோட்டாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், டிராமிசுவில் முட்டையும் பல சமயம் மதுவும். ஜப்பானியக் கடையில் மிசோ சூப்பின் அடிச்சாறு காய்ந்த மீனிலிருந்து வருவது. சூஷி சோற்றில் மிரின் என்ற அரிசி மது சேர வாய்ப்புண்டு. தெப்பன்யாகியில் ஒரே இரும்புக் கல்லில் இறால், மாடு, கோழி, உங்கள் டோஃபு எல்லாம் வரிசையாக வேகும். கேட்டால் கல்லைச் சுரண்டித் துடைத்துத் தருவார்கள். ஆனால் கரண்டி அதே கரண்டிதான்.

இந்தக் கடைகளின் அடுப்படி சின்னது. மெனு மாதக்கணக்கில் மாறாது. சாஸும் அடிச்சாறும் மொத்தமாகக் காய்ச்சி வைத்தவை. இது இல்லாமல் செய்யுங்கள் என்றால், இல்லாமல் செய்வார்கள். அதற்குப் பதிலாக வேறொன்று சேர்த்துச் செய்ய அவர்களிடம் பொருளும் இல்லை, ஆளும் இல்லை.

மெயின் டைனிங் ரூம் நேர்மாறு. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் பெரிய அடுப்படி. அதில் இந்தியச் சமையல் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இந்தியச் சைவக் குழம்பு, பருப்பு, சாதம் மெனுவில் இல்லாத இரவிலும் முன்கூட்டிச் சொன்னால் வரும். ஆனால் முறையாகச் சொல்ல வேண்டும். டிக்கெட் போட்ட கையோடு உணவு விருப்பத்தைப் பதிய வேண்டும். குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே பதிவது நல்லது, சில நிறுவனங்கள் 45 நாள் கெடு வைக்கின்றன. பதிந்ததோடு விடாமல், கப்பல் ஏறிய மதியமே டைனிங் ரூம் வாசலுக்குப் போய் ஹெட் வெயிட்டரிடம் நேரில் சொல்ல வேண்டும். சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது வாயால் சொல்வதைவிட மேல். அந்தச் சீட்டு அடுப்படி வரை போகும்.

முதல் இரவு சாப்பாடு முடியும்போது மறுநாள் மெனுவைக் கேளுங்கள். அப்போதே என்ன வேண்டும் என்று குறித்துவிட்டால், இரண்டாம் இரவிலிருந்து உங்கள் தட்டு தனியாகத் தயாராகி வரும். இதற்கு நேரம் குறித்த பந்தி வேண்டும், அதாவது தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற முறையில் தினம் ஒரு மேசை, தினம் ஒரு வெயிட்டர், தினம் முதலிலிருந்து பாடம். குறிப்பு கம்ப்யூட்டரில் இருக்கும் என்பார்கள், நம்பி உட்காராதீர்கள். நடுவில் ஓர் இரவு ஸ்பெஷாலிட்டிக்குப் போனால் இந்தத் தொடர்ச்சி அறும். நாலு இரவுப் பயணத்தில் வெயிட்டருக்கு உங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிபடுவதே இரண்டாம் இரவில்தான்.

ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கும், வேலூரில் உள்ள மார்வாடி ஜைனர்களுக்கும் வெங்காயம், பூண்டு, கிழங்கு தவிர, பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வழக்கத்தால் நேரமும் ஒரு பிரச்சினை. சிங்கப்பூரில் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 7 மணிக்கு. முதல் பந்தி ஐந்தரை வாக்கில் தொடங்குவதால் பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், கப்பலில் ஐந்தரை என்பது வேலூரில் மதியம் மூன்று மணி. முதல் நாள் பசிக்காது. மதியம் பஃபேயில் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொள்வது நல்லது. ஸ்பெஷாலிட்டியில் சாப்பாடு இரண்டு மணி நேரம் இழுக்கும் என்பதால், கடை திறந்த உடனே உட்கார்ந்தாலும் இருட்டிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கேள்வி இன்னும் எளிது. ஸ்டீக் கடையின் இறைச்சி பொதுவாக ஹலால் சான்று இல்லாதது. மிஞ்சுவது மீனும் இறாலும்தான். அதிலும் சாஸில் ஒயின் உண்டா என்று கேட்க வேண்டும். அதற்கு 60 டாலர் அதிகம். இவர்கள் ரெஸ்டாரண்டைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வைப்பது நல்லது. சிங்கப்பூரிலிருந்தே புறப்படும் ஜென்டிங் ட்ரீமில், டிக்கெட்டோடு சேர்ந்த லிடோ பஃபேயிலேயே ஹலால் உணவும் இந்திய, ஜைனச் சைவமும் உண்டு. கூடுதல் காசு என்ற பேச்சே அங்கே தேவைப்படாமல் போகலாம்.

பஃபேயைப் பற்றி ஒரு வார்த்தை. ராயல் கரீபியனின் விண்ட்ஜாமரிலும் பருப்பு, சாதம், ஏதாவது ஒரு கறி இருக்கும். சாதம் நீள அரிசி, சீரகச் சம்பாவை எதிர்பார்க்காதீர்கள். கரண்டிகளை மக்கள் மாற்றி மாற்றிப் போடுவார்கள், கண்டிப்பான சைவக்காரர்கள் பஃபே திறந்த உடனே போவது உத்தமம். வீட்டில் செய்த பண்டத்தைக் கப்பலில் அனுமதிப்பது சந்தேகம். பிரிக்காத பாக்கெட் பருப்புப்பொடி, கடையில் வாங்கிய ஊறுகாய் பெரும்பாலும் போய்விடும். கெட்டிலும் சின்ன ரைஸ் குக்கரும் கட்டாயம் பிடுங்கி வைக்கப்படும்.

காசு கொடுப்பது சரி என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு. எட்டு வயதுக்கு மேற்பட்ட, கோழியும் இறாலும் சாப்பிடுகிற பிள்ளைகள் இருந்தால் தெப்பன்யாகி நல்ல பொழுதுபோக்கு. சமையல்காரர் கண்ணெதிரே முட்டையைச் சுழற்றி, தீ எழுப்பி வித்தை காட்டுவார். சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஆனால் அந்தத் தீயைப் பார்த்து மூன்று வயதுக் குழந்தை அலறும். சூஷி பிடித்தவர்கள் ஒரே கட்டணம் இல்லாமல், எடுத்ததற்கு மட்டும் காசு என்ற கடையாகப் பார்த்துப் போகலாம். இரண்டு தட்டோடு எழுந்துவிடலாம், மெயின் டைனிங் ரூம் சாப்பாடும் வீணாகாது. ஸ்டீக் கடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மதியம் போங்கள். எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல் நாளில் சில கப்பல்களில் மதியச் சாப்பாடு உண்டு. இரவைவிடக் கட்டணம் குறைவு, அடுப்படி அதேதான்.

நிறுவனமே வேறு முறையில் இயங்கினால் இந்தக் கணக்கு செல்லாது. வெர்ஜின் வாயேஜஸில் எந்த ரெஸ்டாரண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். ஓஷியானியாவிலும் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டுகள் டிக்கெட்டிலேயே அடக்கம், டிக்கெட் விலையும் அதற்கேற்ப. இங்கிலாந்தின் பி அண்டு ஓ கப்பல்களில் சிந்து என்ற இந்திய ரெஸ்டாரண்டுக்குத் தனிக் காசு. வேலூரிலிருந்து சவுத்தாம்ப்டன் வரை போய்க் காசு கொடுத்து இந்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களை யாரும் தடுக்கப் போவதில்லை.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டீலியாவின் எம்பிரஸ் கப்பலில் முடிவெடுப்பது சுலபம். 1990-இல் கட்டிய, நடுத்தர அளவுக் கப்பல். ஸ்டார்லைட் ரெஸ்டாரண்டும் ஃபுட் கோர்ட்டும் டிக்கெட்டில் அடக்கம், சாப்ஸ்டிக்ஸ் என்ற ஆசிய ரெஸ்டாரண்ட்தான் தனிக் காசு. பயணிகள் பெரும்பாலும் இந்தியர்கள் என்பதால் சைவம், ஜைனம் எல்லாம் பொதுச் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. எடுத்துச் சொல்ல வேண்டிய சிரமமே குறைவு. சைனீஸுக்காக வங்கக் கடலில் தனிக் காசு கொடுக்க வலுவான காரணம் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பெஷாலிட்டியில் இடம் பிடிப்பதென்றால், வீட்டிலிருந்தே பிடியுங்கள். கப்பலுக்குள் விலை அதிகம், நல்ல நேரமும் கிடைக்காது. முதல் இரவைத் தவிர்க்கவும். மலாக்கா நீரிணையில் அலை குறைவு என்றாலும், இரவு விமானம் பிடித்து வந்த உடம்பு எட்டு மணிக்கே படுக்கையைத் தேடும். ஷோ நேரத்தோடு மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு போனது போனதுதான். சாப்பிட்டு முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டும் பில்லில் டிப்ஸ் என்று ஒரு காலிக் கோடு இருக்கும். 18 சதவீதம் ஏற்கெனவே மேலே சேர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.