ஊதா சர்க்கரைவள்ளிக் கொடி என்று 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று மாலை மாடித் தோட்டத்தின் கடைசிப் பையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். நான்கு ரகம் என்று சொல்லி விற்கப்பட்ட நாற்பது கொடித் துண்டுகளில் ஒன்றுகூட ஊதாவாகவோ ஆரஞ்சாகவோ கிழங்கு வைக்கவில்லை. சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாக, எந்தக் காய்கறிக் கடையிலும் குவிந்து கிடக்கிற அதே கிழங்குதான் எல்லாப் பைகளிலும் இருந்தது. அதிலும் பாதி கூன்வண்டு துளைத்தது. 4,800 ரூபாய் போயிற்று. வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கை ஓடவில்லை.

திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூ கிருஷ்ணா, பூ சோனா ஆகிய இரண்டு ரகங்களை மாடியில் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முன்னது ஆந்தோசயனின் நிறமியால் உள்ளே கரு ஊதாவாக இருக்கும். பின்னது ஆரஞ்சுச் சதை, 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொண்டது. மாடித் தோட்டக்காரர்களுக்கான ஓர் இணையக் குழுவில் இந்த இரண்டோடு, தோல் வெளுத்து உள்ளே ஊதாவாக இருக்கும் ஒகினாவா வகையும், தோல் மட்டும் ஊதாவான முராசாகி வகையும் சேர்த்து, துண்டு ஒன்று 120 ரூபாய் என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். கிழங்கைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு வீடியோவையும் போட்டிருந்தார். கத்தியில் ஊதாச் சாறு வழிந்தது.

வீடியோவைக் கண்டு மட்டும் நான் ஏமாறவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் படத்தில் நிறத்தை ஏற்றுவது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். என்னை விழவைத்தது அவர் சொன்ன ஒரு வார்த்தை. பணம் எப்படி அனுப்ப வேண்டும் என்று கேட்டதற்கு, "அவசரப்படாதீங்க அக்கா, முதல்ல உங்க பை எவ்வளவு ஆழம்னு சொல்லுங்க. ஒரு அடிக்குக் குறைவா இருந்தா வாங்காதீங்க, உங்க காசு வீணாப் போயிடும்" என்றார். விற்க வந்தவரே வாங்காதே என்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சும் அளவு டேப்புமாக மாடிக்குப் போய்ப் பையை அளந்தேன். பதினைந்து அங்குலம் இருந்தது. "அருமை அக்கா, தாராளமா வைக்கலாம்" என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் 4,800 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

பார்சல் ஐந்தாம் நாள் வந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டுகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய பெயர்ச் சீட்டு. இலவசமாக ஒரு பொட்டலத்தில் "அபூர்வ ஊதா வள்ளி விதை" வேறு. சமையலறைத் தொட்டியில் வைத்துப் பிரித்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. நான்கு கட்டுகளிலும் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு இலைகள் ஒரே இதய வடிவில் இருந்தன. துண்டுகளோ நுனிக் கொடியே அல்ல; சுண்டுவிரல் கனத்துக்கு முற்றிய அடித்தண்டுகள். கூன்வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் அந்த அடித்தண்டில்தான் என்பதும், நடவுக்கு நுனியிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவதே நல்லது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் பை ஆழத்தைக் கேட்ட மனிதர் தவறாக அனுப்புவாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நாற்பதையும் நட்டேன்.

நாற்பதாம் நாள் இலைகளைப் படம் எடுத்து அனுப்பி, எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவே என்று கேட்டேன். இளங்கொடியில் வித்தியாசம் தெரியாது என்று பதில் வந்தது. இலவச விதையோ மார்னிங் குளோரி என்று நர்சரிகளில் விற்கும் அழகுக் கொடியாக வளர்ந்து பூத்தது. அதைச் சொன்னதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. நூற்றுப் பத்தாம் நாள் தோண்டத் தொடங்கி, வெட்டிய கிழங்குகளைப் படம் எடுத்து அனுப்பியபோது, மண்ணில் இரும்புச் சத்து போதாததால் நிறம் ஏறவில்லை என்றார். நிறத்தின் அழுத்தம் மண்ணையும் பருவத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் சதை ஊதாவா வெள்ளையா என்பதைத் தீர்மானிப்பது ரகம்தான். அதை எழுதினேன். அடுத்து, "சிவப்புத் தோல், வெள்ளைச் சதைன்னா அது முராசாகிதானே அக்கா, சரியாத்தானே வந்திருக்கு" என்றார். நாற்பதுமா முராசாகி என்று கேட்டேன். கூரியரில் சீட்டு மாறியிருக்கும் என்றார். பிறகு, தன் அண்ணன் ஊரில் இல்லை, வந்ததும் பேசுவார் என்று மூன்று முறை சொன்னார். நான்காம் முறை அவருடைய முகப்புப் படமே எனக்குத் தெரியவில்லை. குழு நிர்வாகியிடம் முறையிட்டால், கொடுக்கல் வாங்கலில் குழு தலையிடாது என்கிறார். ஆனால் என் பதிவை ஒரு மணி நேரத்தில் நீக்க மட்டும் அவரால் தலையிட முடிந்தது. அந்த விற்பனைப் பதிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

4,800 ரூபாயை விடவும் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஏழு வருடங்களாக நுனி கிள்ளி நட்டு நட்டு நான் காப்பாற்றி வந்த என் பழைய சிவப்புக் கொடி, மாடியின் மறுமூலையில் இருந்தது. அந்தத் தண்டுகளோடு வந்த வண்டு அங்கும் ஏறிவிட்டது. எறும்பு போன்ற மெல்லிய உடல், கருநீலத் தலையும் முதுகும், செங்காவி நிற மார்பும் கால்களும்: பார்க்க அழகாகத்தான் இருக்கிறது சனியன். ஒன்றரை மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும், நூற்றுப் பத்து நாளில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துளைபட்ட கிழங்கு கசந்து, ஒருவித மருந்து நாற்றம் அடிக்கிறது. அதை மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன யோசனைகளுக்கு இப்போது பொறுமையில்லை. ஊதா வள்ளி விதை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். சர்க்கரைவள்ளியில் விதையிலிருந்து தாய் ரகம் அப்படியே வராது, கொடியிலிருந்துதான் வரும். அடித்தண்டு வந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். முடிந்தவரை ஆராய்ச்சி நிறுவனத்திலோ வேளாண் பல்கலைக்கழகத்திலோ கேட்டு வாங்குங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழையுங்கள், என்னைப் போல அண்ணன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் நேற்றிரவு புகார் பதிந்திருக்கிறேன். மழை வருவதற்குள் நாற்பது கொடிகளையும், என் பழைய கொடியையும் சேர்த்து எரித்தாக வேண்டும், மாடிக்குப் போகிறேன்.